பழைய குறுந்தகடும் புதிய குறுந்தகடும்: எல்லையோர இசைக்கடைகளின் அனுபவம்

ஒரே அளவுக்கும் ஒரே விதிக்கும் உட்பட்டுச் செய்யப்பட்ட இசைக் குறுந்தகடுகள், செய்யப்பட்ட காலத்தைப் பொறுத்துத் தோற்றத்திலும் கட்டமைப்பிலும் ஆயுளிலும் பெரிதும் வேறுபடுகின்றன என்பதை, அவற்றை நாள்தோறும் கையிலெடுத்து விற்றவர்களும், வாடிக்கையாளர் கேட்ட பாடல்களைப் பதிவு செய்து கொடுத்தவர்களும், திருவிழாக்களில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டவர்களும் நன்கு அறிவர். இவ்வறிவு எந்தப் பாடநூல் வழியாகவும் அவர்களுக்கு வந்ததன்று. தகட்டைக் குழல்விளக்கின் எதிரே தூக்கிப் பிடித்தும், நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொறித்திருப்பதைக் கண்ணைச் சுருக்கிப் படித்தும், ஓடாத தகடு ஏன் ஓடவில்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தும் தேடிக்கொண்டது. அத்தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்ட இன்றைய நிலையில், அதனோடு இந்த அறிவும் மறைந்துவிடாமல் எழுத்தில் நிற்பது நல்லது.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள விஜயபுரம், நகரி, புத்தூர், சத்தியவேடு முதலிய ஊர்கள் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குபவை. திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பின்னரும் இவ்வூர்களின் கொள்வினை கொடுப்பினையும் சந்தையும் திருவிழாவும் எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து வந்தமையால், இங்கிருந்த பாட்டுக்கடைகளில் இரு மொழிப் பாடல்களும் ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. சரக்கு பெரும்பாலும் அரக்கோணம் வழியாகச் சென்னையிலிருந்து இரயிலில் வந்தது. பக்திப் பாடல்கள் திருப்பதியிலிருந்து வந்தன. இவ்விரண்டிலும் சேராமல், குவைத்திலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தகடுகள் ஒரு தனி வகையாக இருந்தன. இப்பகுதிக் கடைக்காரர்கள் முதன்முதலில் கையில் தொட்ட தமிழ்க் குறுந்தகடுகள் அநேகமாக இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவையே. நியூயார்க்கைச் சேர்ந்த ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளிநாடு வாழ் தமிழர்களுக்காக வெளியிட்ட அத்தகடுகள், ஒலிநாடாவின் விலையோடு ஒப்பிடவே முடியாத விலை கொண்டவை. எனவே அவை விற்பனைக்கு வைக்கப்படாமல், அவற்றிலிருந்து ஒலிநாடாவில் பதிந்து கொடுப்பதற்கான மூலமாகவே கடைகளில் பாதுகாக்கப்பட்டன. பழைய தகடுகள் சில இன்றும் கீறலின்றி இருப்பதற்கு அந்தப் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்பதையும், பழமையின் சிறப்பைப் பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வேறுபாடுகளைக் காண்பதற்கு முன் மாறாதவை எவை என்பதை அறிய வேண்டும். ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980ஆம் ஆண்டில் வகுத்த விதித்தொகுப்பு, அதன் அட்டையின் நிறத்தால் சிவப்புப் புத்தகம் என்று அழைக்கப்படுகிறது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த முதல் தகடு தொடங்கி இன்று வெளிவரும் தகடு வரை எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டவை. தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், நடுத் துளையின் விட்டம் 15 மில்லிமீட்டர், கனம் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். ஒலி, ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்பட்டு, நுண்ணிய குழிகளாகவும் குழிகளுக்கு இடைப்பட்ட சமதளங்களாகவும் ஒரு சுருள் தடத்தில் பதியப்படுகிறது. அத்தடம் வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லும் பழைய இசைத்தட்டைப் போலன்றி நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்கிறது; அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே 1.6 மைக்ரான் இடைவெளியே உண்டு; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடத்தை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் வரும். ஆகவே 1985இல் செய்த தகடும் 2010இல் செய்த தகடும் ஒரே கருவியில் ஓடுகின்றன. மாற்றங்கள் அனைத்தும் இந்த விதி விட்டுவைத்த இடைவெளிகளுக்குள் நிகழ்ந்தவை. அந்த இடைவெளிகளும் சிறியவையல்ல. எடுத்துக்காட்டாக, தகட்டின் எடை 14 கிராம் முதல் 33 கிராம் வரை எவ்வளவும் இருக்கலாம். நடைமுறையிலோ ஆலைகள் சிக்கனம் கருதிக் கீழ் எல்லையை ஒட்டியே நின்றன.

தகட்டின் குறுக்குவெட்டை அறிந்தால்தான் மற்றவை விளங்கும். கனத்தின் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் ஒளி ஊடுருவும் நெகிழிதான். குழிகள் அதன் மேற்புறத்தில் அச்சாகின்றன. அதன்மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் அலுமினியம், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவோ அதற்கும் குறைவாகவோ படிய வைக்கப்படுகிறது. அதன்மேல் காற்றும் ஈரமும் புகாதபடி லாக்கர் என்னும் மெல்லிய பூச்சு. அதற்கும் மேல் படமும் எழுத்தும் அச்சிட்ட முகப்பு. இதிலிருந்து கிடைக்கும் முடிவு பெரும்பாலோர் நினைப்பதற்கு நேர்மாறானது. பளபளக்கும் பக்கம் கீறப்பட்டால் லேசர் ஒளிக்கும் குழிகளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நெகிழி இருப்பதாலும், அப்பரப்பில் ஒளிக்கற்றை குவியாமல் அகன்றே இருப்பதாலும், சிறு கீறலும் தூசியும் அதற்குத் தென்படுவதில்லை. ஆழமான கீறலையும் மெருகேற்றித் தேய்த்துவிட முடியும். அச்சிட்ட பக்கம் கீறப்பட்டாலோ, சில மைக்ரான் பூச்சுக்குக் கீழே அலுமினியம் நேராகவே பெயர்ந்து போகிறது. அதைச் சீராக்க எவராலும் இயலாது. பளபளக்கும் பக்கத்தைக் கண்ணைப் போலக் காத்து, அச்சிட்ட பக்கத்தை மேசையில் தேய்த்து வைத்த வாடிக்கையாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது கடைக்காரரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது. சொன்ன பின்னும் நம்பியவர் சிலரே.

பழைய தகட்டைப் புதியதிலிருந்து பிரித்தறியத் தேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது நடுவளையத்தைத்தான். தகட்டைக் கவிழ்த்து, விளக்கின் ஒளி சாய்வாக விழும்படி பிடித்தால், நடுத் துளையிலிருந்து வெளியே வரும்போது முதலில் ஒளி ஊடுருவும் நெகிழி வளையமும், அதில் அடுக்கி வைக்கும்போது தகடுகள் ஒன்றையொன்று உரசாமல் தடுக்கும் மெல்லிய மேட்டு வளையமும், அடுத்துக் கண்ணாடி போன்ற வெற்று வளையமும், அதற்கப்பால் வானவில் நிறம் காட்டும் பதிவுப் பகுதியும் தெரியும். எண்பதுகளில் சில ஆலைகளில் செய்த தகடுகளில் அலுமினியப் பூச்சு நடுத் துளையை நெருங்கும் வரை பரவியிருக்கும். பிற்காலத் தகடுகளில் அது நன்கு விலகி நிற்கும். வெற்று வளையத்தில் அந்தத் தகட்டின் மூல எண் பொறிக்கப்பட்டிருக்கும். பழையவற்றில் அது எளிய எழுத்துகளில், சில வேளை கையால் கீறியது போலவும் இருக்கும். புதியவற்றில் பட்டைக்குறியீடும் ஆலையின் பெயரும் சேர்ந்திருக்கும். மேற்கு ஜெர்மனியில் செய்தது என்று அச்சிட்டிருந்தால், இரு ஜெர்மனிகளும் 1990 அக்டோபரில் ஒன்றானதை நினைவில் கொண்டு, அத்தகடு ஏறத்தாழ அதற்கு முற்பட்டது என்று துணியலாம்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான சான்று ஒன்று உண்டு. திருட்டுத் தகடுகள் எந்த ஆலையிலிருந்து வருகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதற்காக, பன்னாட்டு ஒலிப்பதிவுத் தொழிற் கூட்டமைப்பும் ஃபிலிப்ஸ் நிறுவனமும் 1994ஆம் ஆண்டில் ஓர் அடையாள முறையைக் கொண்டுவந்தன. அதன்படி, ஐ.எஃப்.பி.ஐ. என்னும் அக்கூட்டமைப்பின் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு குறியீட்டு எண்ணும் தகட்டின் இரண்டு இடங்களில் மிகச் சிறிதாக இடம்பெறும். வெற்று வளையத்தில் இருப்பது மூலத்தை வெட்டிய கருவிக்கு உரியது. நெகிழி வளையத்தில் இருப்பது தகட்டை வார்த்த அச்சுக்கு உரியது. இவ்வெழுத்துகள் உள்ள தகடு 1994க்கு முன் வார்க்கப்பட்டிருக்க முடியாது. வார்ப்பின் எண் மட்டும் இருந்து மூலத்தின் எண் இல்லையென்றால், பழைய மூலத்தைக் கொண்டு பிற்காலத்தில் வார்த்தது என்று கொள்ளலாம். இரண்டும் இல்லாமல், நேற்று வெளிவந்த படத்தின் பாடல்களைக் கொண்டிருந்தாலோ, அந்த இடம் சுரண்டப்பட்டிருந்தாலோ, அது திருட்டுத் தகடு என்ற ஐயம் வலுப்படும். முகப்பின் அச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கடைக்காரர் நம்பியது இந்தச் சிறு எழுத்துகளைத்தான். இந்திய நிறுவனத் தகடுகளில் பெயர் மாற்றமும் கைகொடுத்தது: எச்.எம்.வி. என்ற பெயரால் பலரும் அறிந்த இந்திய கிராமபோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் மாறியமையால், சரிகம என்னும் பெயரைத் தாங்கிய தகடு அதற்குப் பிந்தியது.

முகப்பின் அச்சிலும் கால வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பழைய தகடுகளில் வெள்ளி நிறப் பரப்பே முகப்பாக நின்றது. அதன்மேல் ஒன்றோ இரண்டோ நிறங்களில் படத்தின் பெயரும் பாடல்களின் பட்டியலும் பட்டுத்திரை அச்சு முறையில், அதாவது துணித்திரையின் வழியே மையை அழுத்திப் படியவைக்கும் முறையில், அச்சிடப்பட்டன. பிற்காலத்தில் முகப்பு முழுவதும் வெள்ளை மை பூசி, அதன்மேல் கதாநாயகனின் முகத்தை வண்ணப் புகைப்படமாக அச்சிடுவது வழக்கமாயிற்று. அழகு என்ற அளவில் இது முன்னேற்றமே. ஆயினும், பாடல் பட்டியலும் பதிவு விவரமும் முகப்பிலிருந்து மறைந்தது இதன் விளைவுதான். பழைய தகடுகளில் மூன்று எழுத்துக் குறி ஒன்று இருந்தது: முதலெழுத்து ஒலிப்பதிவையும், இரண்டாவது கலவையையும், மூன்றாவது இறுதி மூலத்தையும் குறிக்கும், ஒவ்வொன்றும் பழைய காந்தநாடா முறையில் நடந்திருந்தால் ஏ என்றும், எண்முறையில் நடந்திருந்தால் டி என்றும் அமையும். மூன்றாவது எப்போதும் டிதான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதைக் குறுந்தகட்டில் எந்த ஆண்டில் வெளியிட்டாலும் அக்குறியின் முதலெழுத்து ஏ என்றுதான் இருக்க முடியும். கேட்கப்போவது எந்த வகைப் பதிவு என்பதை வாங்குபவருக்கு நேர்மையாகச் சொல்லிவிட்ட அந்த வழக்கம் கைவிடப்பட்டது இத்துறையின் இழப்புகளுள் ஒன்று.

பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடக்ககாலப் பெட்டிகள் கனமாகவும் விளிம்புகள் வழுவழுப்பாகவும் இருந்தன. தகட்டைப் பற்றும் உள்தட்டு கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தது. தொண்ணூறுகளில் ஒளி ஊடுருவும் உள்தட்டு வந்து அதன் கீழும் படம் அச்சிட்டார்கள். பிறகு பாதிக் கனமுள்ள மெல்லிய பெட்டி, அதன்பின் வெறும் காகித உறை என்று செலவு குறைந்துகொண்டே வந்தது. காகித உறையில் ஒவ்வொரு முறை இழுத்துச் செருகும்போதும் முகப்பு உரசப்படுகிறது என்பது ஒன்றே இங்குக் கவனிக்கத் தக்கது.

தயாரிப்பு முறையின் மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் ஆயுளைத் தீர்மானிப்பது அதுவே. குழிகளின் மூலம் முதலில் கண்ணாடித் தட்டில் லேசரால் வரையப்பட்டு, அதிலிருந்து நிக்கல் அச்சுத்தகடு எடுக்கப்பட்டு, உருகிய பாலிகார்பனேட்டை அந்த அச்சில் அழுத்தத்தோடு செலுத்தித் தகடு வார்க்கப்படுகிறது. இத்துறையின் தொடக்க ஆண்டுகளில் ஒரு தகடு வார்ப்பதற்குக் கணிசமான நேரம் பிடித்தது. இயந்திரங்கள் முன்னேறியபின் மூன்று நான்கு விநாடிகளுக்கு ஒன்று என வெளிவந்தன. அலுமினியத்தை வெற்றிடக் கலத்தில் ஆவியாக்கிப் பல தகடுகளின் மீது ஒருசேரப் படியவைத்த பழைய முறைக்குப் பதிலாக, ஒவ்வொரு தகடாக உள்ளே வந்து நொடிகளில் பூச்சுப் பெற்று வெளியேறும் முறை வந்தது. மெதுவாக உலர்ந்த பழைய பூச்சுகளின் இடத்தில் புற ஊதாக் கதிரில் உடனே இறுகும் பூச்சு வந்தது. இம்மாற்றங்களில் சில நன்மைக்கே அமைந்தன. பழையது எல்லாம் உறுதியானது என்ற எண்ணத்துக்கு மறுப்பாக வரலாற்றில் பதிவான நிகழ்வு ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இருந்த பி.டி.ஓ. ஆலையில் 1988 முதல் 1993 வரை செய்த தகடுகள் பலவற்றில், உறைக் காகிதத்திலிருந்த கந்தகத்தைப் பூச்சு தாங்காமல் உலோகம் அரிக்கப்பட்டு, தகடு விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்கல நிறம் அடைந்து பாழாயிற்று. எனவே பழைய தகட்டைச் சோதிக்கும்போது விளிம்பிலிருந்து தொடங்குவதே முறை. பூச்சு விளிம்பைச் சுற்றி மூடியிருக்கிறதா, பழுப்பு ஏதும் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்தபின் தகட்டை விளக்குக்கு நேரே தூக்கினால், அலுமினியத்தில் ஊசிமுனை அளவு துளைகள் ஒன்றிரண்டு ஒளியாகத் தெரியும். அவற்றால் பாதிப்பில்லை. புதிய மலிவுத் தகடுகளில் பூச்சே மெலிந்து குழல்விளக்கின் வடிவம் முழுவதும் மங்கலாகத் தெரிவதும் உண்டு; அதுவும் ஓடும். துளைகள் கூட்டமாக, ஓரிடத்தில் திட்டாகத் தெரிந்தால்தான் அந்தத் தகட்டை உடனே படியெடுக்க வேண்டும்.

சிறு துளையும் கீறலும் ஒலியைக் கெடுக்காததற்குக் காரணம் விதித்தொகுப்பில் சேர்த்த பிழைதிருத்த முறை. அடுத்தடுத்து வர வேண்டிய எண்கள் தடத்தில் கலைத்து வைக்கப்பட்டு, அவற்றைச் சரிபார்க்கும் கூடுதல் எண்களும் சேர்க்கப்பட்டிருப்பதால், தடத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை தொடர்ச்சியாக அழிந்தாலும் கருவி அதைக் கணக்கிட்டு மீட்டுவிடுகிறது. இதிலிருந்தே துடைக்கும் முறையும் பிறக்கிறது. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், அதனால் விழும் மெல்லிய கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டு, அந்த இரண்டரை மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டிவிடும். பழைய இசைத்தட்டைத் துடைத்துப் பழகிய மூத்த தொழிலாளர்கள் வட்டமாகவே துடைத்தார்கள் என்பதும், அதனால் நல்ல தகடுகள் பல கெட்டன என்பதும் இத்தொழிலில் பலரும் கண்டது.

இதுவரை சொன்னவை ஆலையில் வார்த்த தகடுகளுக்கு உரியவை. 1988இல் ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் உருவாக்கிய, கணினியில் பதியத்தக்க வெற்றுத் தகடு இப்பகுதிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது ஏற்பட்ட மாற்றம் மிகப் பெரியது. கோடிட்ட தாளில் தமிழும் தெலுங்கும் கலந்து பாடல்களின் பெயர்களை எழுதிக் கொடுத்து, ஒலிநாடாவில் பதிந்து வாங்கிச் சென்ற அதே வாடிக்கையாளர்கள், இப்போது அதே தாளைக் கொடுத்துச் சி.டி.யில் அடித்துத் தரக் கேட்டார்கள். நொய்டாவின் மோசர் பேர் நிறுவனம் வெற்றுத் தகடுகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபின் அவை ஐம்பது, நூறு எனக் குச்சியில் கோத்த அடுக்குகளாகச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தன. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் இது வேறு பொருள். இதில் வார்த்த குழிகள் கிடையாது. நெகிழிக்கும் உலோகத்துக்கும் இடையே ஒரு சாய அடுக்கு இருக்கிறது. பதியும் லேசர் அச்சாயத்தை ஆங்காங்கே சுட்டு, குழியைப் போல் ஒளியைத் திருப்பாத புள்ளிகளை உண்டாக்குகிறது. சாயத்தின் வகையைத் தகட்டின் அடிப்பக்க நிறமே காட்டிவிடும்: சயனின் வகை பச்சை நீலமாகவும், தாலோசயனின் வகை ஏறக்குறைய நிறமின்றி இளம்பச்சை அல்லது பொன்னிறச் சாயலோடும், அசோ வகை அடர்ந்த நீலமாகவும் தெரியும். இவற்றுள் சயனின் ஒளியால் விரைவில் கெடுவது. மற்ற இரண்டும் அதைவிடத் தாங்கக் கூடியவை. பதிந்த பகுதிக்கும் பதியாத பகுதிக்கும் நிறத்தில் மெல்லிய வேற்றுமை இருப்பதால், எத்தனை பாடல் ஏறியிருக்கிறது என்பதை ஓட்டிப் பாராமலே கணிக்கலாம்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி செல்லும் வழிகளில் மைக் செட் கட்டியவர்கள்தாம் இந்த வேறுபாட்டின் முழு விளைவையும் கண்டவர்கள். தகரப் பெட்டியில் வைத்து, டிராக்டரின் பின்னால் வெயிலில் கிடந்த தகடுகளில், ஆலையில் வார்த்த பழைய பக்திப் பாடல் தகடுகள் ஆண்டுதோறும் ஓடின. கடையில் அடித்த தகடுகள் சில திருவிழாக்களுக்குள் கடைசிப் பாடல்களில் தடுமாறத் தொடங்கின. கடைசிப் பாடல் முதலில் கெடுவது தற்செயலன்று. பதிவு நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்வதால் கடைசிப் பாடல் விளிம்பை ஒட்டி அமைகிறது. கைபடுவதும், ஈரம் புகுவதும், தகடு வளைந்தால் ஆட்டம் மிகுவதும் அங்கேதான். முக்கியமான பாடலை முன்னால் வைத்துப் பதியும் வழக்கம் இதிலிருந்து வந்தது. மற்றொரு வழக்கம், பெட்டியின் மேல் ஐம்பத்திரண்டு மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் இசைத் தகட்டை எட்டு அல்லது பதினாறு மடங்கு வேகத்தில் மட்டுமே பதிவது. பழைய ஓட்டிகளில் அவ்வாறு பதிந்தவை தடையின்றி ஓடின. தகட்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவதை அனுபவசாலிகள் அறவே தவிர்த்தார்கள். அது எடைச்சமன் கெடுத்துத் தகட்டை அதிரச் செய்வதோடு, உரிக்கும்போது பூச்சையும் உலோகத்தையும் சேர்த்தே உரித்துவிடும்.

விசைத்தறிகள் மிகுந்த நகரி வட்டாரத்தில் குறை தகட்டுக்கு வெளியே இருப்பதும் உண்டு. தறிக்கூடங்களில் பாட்டுக் கேட்பதற்காக வைத்திருந்த ஓட்டிகளில் பருத்திப் பஞ்சு புகுந்து லென்ஸின் மேல் படலமாகப் படியும். அப்போது வார்த்த தகடு ஓடும், பதிந்த தகடு ஓடாது; காரணம், பதிந்த தகடு திருப்பியனுப்பும் ஒளி வார்த்ததைவிடக் குறைவு. தகட்டின் மீது பழிபோடும் முன் லென்ஸைச் சுத்தமான ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்துப் பார்ப்பதும், அப்படியும் ஓடாவிட்டால் சோனியின் கே.எஸ்.எஸ்.-213 போன்ற, எளிதில் கிடைக்கும் பிக்கப் பகுதியை மாற்றிவிடுவதும் இங்குள்ள பழுதுபார்ப்போரின் வரிசைமுறை.

இதற்குப் பின் வந்த எம்.பி.3 தகடு வடிவத்தில் புதிதன்று. உள்ளடக்கத்தை அடுக்கும் முறையில் புதிது. ஒலியின் காதுக்கு எட்டாத பகுதிகளைக் கழித்துச் சுருக்கிப் பதிவதால், எழுபத்து நான்கு அல்லது எண்பது நிமிடம் கொள்ளும் தகட்டில் சுமார் பன்னிரண்டு மணி நேரப் பாடல்கள் அடங்கின. முன்பு இரண்டு படப் பாடல்கள் ஒரு தகட்டில் வந்தால் மகிழ்ந்தவர்கள், இப்போது நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை ஒரே தகட்டில் வாங்கினார்கள். சிவப்புப் புத்தகத்துக்கு உட்படாதது என்பதால் இசைக் குறுந்தகட்டின் முத்திரை அதில் இராது. பழைய ஓட்டிகள் அதைப் படிக்கவும் மாட்டா. மலிவும் நெடுநேர ஓட்டமும் கருதி மக்கள் அதை விரும்பியதில் தவறில்லை. ஆனால் அந்த ஒரு தகடு கெட்டபோது நூறு பாடல்களும் ஒருசேரப் போயின.

ஒலியின் தரத்தைப் பொறுத்தவரை, பழைய தகடு இனிமையானது என்று சொல்வோரின் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அதன் காரணம் நெகிழியிலோ அலுமினியத்திலோ இல்லை. எண்பதுகளின் தகடுகளில் ஒலியளவு தாழ்வாகவும், மெல்லிய ஒலிக்கும் வல்லிய ஒலிக்கும் இடையே நல்ல இடைவெளியோடும் பதியப்பட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து மூலம் தயாரிக்கும்போதே எல்லாவற்றையும் உரக்க ஏற்றி அந்த இடைவெளியைச் சுருக்கினார்கள். அதனால்தான் மைக் செட்டில் பழைய தகட்டுக்குப்பின் புதியதைப் போடும்போது பெருக்கியின் ஒலியளவைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரே படத்தின் பாடல்கள் இரு காலத் தகடுகளில் கிடைக்கும்போது பழையதைத் தேடி வாங்குவோரின் தேர்வு பெரும்பாலும் சரியானதே.

திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் வைத்திருந்த செப்பேடுகளில் தாள்ளபாக்க அன்னமாச்சாரியாரின் பாடல்கள் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்டன. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அவற்றால் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் அச்செப்பேடுகள் சொல்லையும் இராகத்தின் பெயரையும் தந்தனவேயன்றிப் பாடிய குரலைத் தரவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1980ஆம் ஆண்டையொட்டித் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்காகப் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலை இசைத்தட்டுகள், அப்பாடல்களுள் சிலவற்றுக்குக் குரல் வடிவம் தந்து, பிறகு ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் இவ்வட்டார வீடுகளை அடைந்தன. குரலைத் தாங்கி நிற்கும் உலோகம் செம்பைப் போல் நூற்றாண்டுகளைத் தாங்குவதன்று என்பதை உணர்ந்து செயல்பட வேண்டிய பொறுப்பு அத்தகடுகளை வைத்திருப்போருடையது.

பெரிய நிறுவனங்களின் திரைப்பாடல்கள் இணையத்தில் எப்படியும் கிடைத்துவிடும். உள்ளூர்க் கோயில் விழாவின் நாதஸ்வரம், தெருக்கூத்துப் பாட்டு, திருமண வீட்டில் பெரியவர்கள் பாடிய நலங்குப் பாட்டு ஆகியவற்றை யாரோ ஒருவர் கடையில் கொடுத்துப் பதிந்து வைத்த தகடுகளுக்கு வேறு படியே இராது. ஆகவே வீட்டில் குறுந்தகடுகள் வைத்திருப்போர் அவற்றை இன்றே எடுத்து, அடிப்பக்கம் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும் தகடுகளை முதலிலும், விளிம்பு பழுத்த பழைய வார்ப்புத் தகடுகளை அடுத்தும் கணினியில் சுருக்காமல் படியெடுத்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். படியெடுத்த பின்னும் மூலத் தகட்டை எறிந்துவிடாமல், வெயில் படாத இடத்தில் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.